தலையெழுத்தும் துண்டெழுத்தும்

நம் தோட்டத்து முதியோர் எவரிடமாயினும் சென்று, "நாம் ஏன் தலைமுறை தலைமுறையாக ஏழைகளாகவே இருக்கிறோம்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சிறிது நேரம் மௌனமாக இருப்பார். பின்னர் வலக்கை விரலால் நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். "எல்லாம் தலையெழுத்து" என்பார். அதற்குமேல் அவரிடம் கேட்பதற்கு ஒன்றுமிராது. அவரும் எழுந்து தேநீர் வைக்கப் போய்விடுவார்.

தலையெழுத்து என்றால் யாரோ எழுதியது என்றுதானே பொருள்? எழுதிய கை எது, எழுதிய நாள் எது, எந்தக் காகிதத்தில் எழுதப்பட்டது என்று தேடிப் பார்க்கலாம் என்ற எண்ணம் எங்களுக்குச் சில காலமாக இருந்து வந்தது. இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, அந்தத் தேட்டத்தையே இங்கு எழுதலானோம். சரித்திர நூல்களையும் சட்டங்களையும் புரட்டியபோது நாங்கள் கண்டது இது: மலைநாட்டு மக்களின் நெற்றியில் பிரமதேவன் எழுதியது எதுவோ நாம் அறியோம், ஆனால் மேசை நாற்காலியில் அமர்ந்து மனிதர் எழுதியவை பல. அவற்றுக்குத் தேதி உண்டு, இலக்கம் உண்டு, கையொப்பமும் உண்டு.

அவற்றுள் முதலாவது, துண்டு.

இன்றைய வாலிபருக்குத் துண்டு என்றால் தோளில் போடும் துணிதான் நினைவுக்கு வரும். நம் பூட்டன்மார் காலத்தில் அச்சொல்லைக் கேட்டால் வயிறு கலங்கும். அது ஒரு சிறு காகிதம். அது எப்படி வந்தது என்பதை அறிய, அவர்கள் கடல் கடந்து வந்த கதையிலிருந்தே தொடங்கவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆங்கிலேயர் கண்டிச் சீமையின் காடுகளை வெட்டிக் கோப்பி பயிரிடத் தொடங்கினர். வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. தஞ்சாவூர், திருச்சினாப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளில் மழை பொய்த்த கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். கரையிலிருந்து தோணி, மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடை. அந்த வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மடிந்தோர் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. பிழைத்தவர்கள் மேலும் நடந்து ஊவா மலைகளை அடைந்தனர். பண்டாரவளைக்குப் புகையிரதம் வந்ததே 1894-ம் ஆண்டில்தான். பதுளையை அது எட்டியது 1924-ம் ஆண்டில். ஆகவே, பூனாகலை மலையில் முதல் கன்று நட்டவர்கள் இங்கே கால்நடையாகவே ஏறி வந்தவர்கள்.

தோட்டத்தில் காலடி வைத்த அன்றே அவர்கள் கடன்காரராயினர். ஊரில் பழைய கடனைத் தீர்க்கக் கங்காணி கொடுத்த முன்பணம், தோணிச் செலவு, வழிச் சாப்பாடு, குளிருக்குக் கொடுத்த கம்பளி, முதல் மாதத்து அரிசி யாவும் அவர்கள் பேரில் பற்று எழுதப்பட்டன. ஒரு நாள் கூலியும் வாங்காத மனிதன் பல மாதக் கூலியைக் கடனாகச் சுமந்துகொண்டு மண்வெட்டியைத் தூக்கினான்.

பெரிய கங்காணியின் நிலையும் விசித்திரமானது. ஆட்களுக்குக் கொடுக்கவேண்டிய முன்பணத்தை அவர் துரையிடமிருந்து வாங்கினார். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளின் பேரிலும் அவருக்கு நாளொன்றுக்கு இத்தனை சதம் என்று தலைக்காசு கிடைத்தது. ஆகவே ஆள் கூடினால் அவர் வருமானம் கூடும். ஆளின் கடன் கூடினால் ஆள் ஓடமாட்டான். ஒரே ஊரார், ஒரே உறவினர், ஒரே சாதியார் என்ற பிணைப்பும் இருந்தது. அவரை முற்றிலும் கொடியவர் என்று எழுதிவிட எங்களுக்கு மனமில்லை. நோயுற்றவரைத் தூக்கிச் சென்றவர்களும், மாரியம்மன் கோயில்களைக் கட்டுவித்தவர்களும் அவர்களிலேயே இருந்தார்கள். ஆனால் முறை கொடியது. நல்ல மனிதனும் அதனுள் நின்று தீமையே செய்ய நேர்ந்தது.

ஒரு கங்காணி தம் கூட்டத்தோடு வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். "இன்ன கங்காணியும் அவர் ஆட்களும் இத்தனை ரூபாய்க் கடனைச் செலுத்தினால் இங்கிருந்து விடுவிக்கப்படுவர்" என்பதே அதன் கருத்து. புதிய துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். செலுத்திய தொகை ஆட்களின் பேரில் புதுக் கடனாக ஏறும். கங்காணி தமக்கென்று மேற்கொண்டு வாங்கும் முன்பணமும் அதனோடு சேரும். இவ்வாறு ஒவ்வொரு தோட்டம் மாறும்போதும் கடன் குறையாமல் வளர்ந்தே வந்தது. அந்தத் துண்டில் தன் பேரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பது எழுத்தறியாத ஏழைக்குத் தெரியாது. மாட்டுச் சந்தையில்கூட மாட்டுக்கு விலை பேசுவார்கள். இங்கே மனிதனின் கடனுக்கு விலை பேசினார்கள். அடிமை வியாபாரம் சட்டப்படி ஒழிந்துவிட்டது என்று உலகம் பெருமை பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் இது நடந்தது என்பதை மறக்கலாகாது.

துண்டில்லாமல் ஓடிப்போனால்? அதற்கும் ஒரு காகிதம் இருந்தது. 1865-ம் ஆண்டின் 11-ம் இலக்கச் சட்டப்படி, வேலைக்கு வர மறுத்தாலும், முன்னறிவித்தல் கொடாது விலகினாலும் தொழிலாளியை மூன்று மாதம் வரை சிறையில் அடைக்கலாம். கூலி வேலைக்கு வரத் தவறினால் அது குற்றம். இதற்கு இணையான இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோப்பிக் காலத்தில் பல மாதச் சம்பளம் நிலுவையில் கிடப்பது வழக்கமாயிருந்தது. அதைச் சீர்திருத்த வந்த 1889-ம் ஆண்டுச் சட்டம், ஒரு மாதச் சம்பளத்தை அம்மாதம் கழிந்து அறுபது நாட்களுக்குள் கொடுத்துவிடவேண்டும் என்று விதித்தது. இரண்டு மாதம் தாமதித்துக் கொடுப்பதே சீர்திருத்தம் என்றால், முன்னைய நிலைமையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மாதம் அடுப்பெரிவது எப்படி? கங்காணியின் கடையில் கடன் வாங்கித்தான்.

இதற்கிடையில் 1869-ம் ஆண்டில் கோப்பியை இலைநோய் பற்றியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து அவ்விடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் ஆள் வேண்டும். மற்ற மாதங்களில் பலர் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் பயிர். ஆகவே வந்தவர்கள் நிலைத்துத் தங்கினர். லயன் வரிசைகள் எழுந்தன. பிள்ளைகள் பிறந்தனர், பிறந்த மண்ணிலேயே அவர்களும் பெரட்டுக்குப் போயினர். "இவர்கள் நேற்று வந்தவர்கள்" என்று பிற்காலத்தில் கூறியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

துண்டுக்கு எதிராகக் குரல் எழுப்பியவர்களுள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். உயர்ந்த அரசாங்க உத்தியோகம் வகித்து ஓய்வுபெற்ற அப்பெரியார், 1919-ம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை ஆரம்பித்தார். அதன் செயலாளராகப் பணியாற்றியவர் பெரி. சுந்தரம் அவர்கள். மலைநாட்டிலிருந்து படித்து உயர்ந்து நியாயவாதியாகி, பின்னாளில் அரசாங்க சபையில் தொழில் மந்திரியாகவும் விளங்கியவர். இவர்களது இடைவிடா முயற்சியும், தன் மக்கள் வெளிநாடு செல்லும் நிபந்தனைகளில் இந்திய அரசாங்கம் காட்டத் தொடங்கிய கண்டிப்பும் சேர்ந்து பலனளித்தன. 1921-ம் ஆண்டின் 43-ம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சிறைத்தண்டனை விதிகளும் அக்காலத்தை ஒட்டியே நீங்கின. ஏறக்குறைய மூன்று தலைமுறையைக் கட்டிப்போட்டிருந்த காகிதத்தைக் கிழிக்க இன்னொரு காகிதம் போதியதாயிருந்தது.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்றே நிற்கவேண்டுகிறோம். 1920-ல் கடனாளியாயிருந்தவன் 1922-ல் விடுபட்டான் என்றால், இடையில் அவன் புண்ணியம் செய்து கர்மம் கழிந்ததா? அவன் முன்னைவிடச் சுறுசுறுப்பாய் உழைத்தானா? இரண்டுமில்லை. சட்டம் மாறியது. அவ்வளவே. எழுதப்பட்டதை அழித்து எழுதலாம் என்பதற்கு நம் சரித்திரத்தில் இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை.

ஆனால் கடன் போனால் மட்டும் பசி போய்விடாதே. கூலி எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. 1927-ம் ஆண்டு நவம்பர் மாதம் காந்தியடிகள் இலங்கை வந்தார், பதுளைக்கும் வந்தார். கதர் நிதிக்கு நம் தொழிலாளர் தம் சில்லறைக் காசுகளை முடிச்சவிழ்த்துக் கொடுத்தனர். இல்லாதவன் இன்னும் இல்லாதவனுக்குக் கொடுத்த காசு அது. அதே ஆண்டில்தான் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 27-ம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. 1929-ம் ஆண்டு தொடக்கத்தில் கூலி விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அரிசியைத் தோட்டம் புசல் 6 ரூபா 40 சதத்துக்கு மேற்படாத விலைக்குக் கொடுக்கவேண்டும்.

இதை நாம் பெருமையாகப் பேசுவதுண்டு, பேசவும் வேண்டும். அக்காலத்தில் ஆசியாவில் பல தேசங்களில் இத்தகைய சட்டம் கனவிலும் இல்லை. ஆயினும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு புசல் அரிசிக்கு ஓர் ஆண் ஏறக்குறைய 12 நாள் உழைக்கவேண்டும். ஒரு பெண் 15 நாள் உழைக்கவேண்டும். அந்தச் சட்டத்தின் விலைப்பட்டியலில் பிள்ளையின் பெயரும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். மூவரும் உழைத்தால்தான் ஒரு குடும்பம் பிழைக்கும் என்று அளந்து வகுத்த கூலி அது. பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குச் சமமானது 1984-ம் ஆண்டில்தான். இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில், கொழுந்தில் பெரும் பங்கைப் பறித்தவள் அவள். குறைவாகப் பெற்றவளும் அவளே. இதற்கு எந்தத் தலையெழுத்தைக் காரணம் காட்டுவது?

உலகெங்கும் பொருளாதார மந்தம் வந்தபோது, 1930-களின் தொடக்கத்தில் அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. தேயிலை விலை ஏறும்போது கூலி ஏறுவதற்குப் பல ஆண்டு செல்லும். விலை இறங்கும்போது கூலி இறங்குவதற்குச் சில மாதமே போதும். இந்த வித்தியாசத்தை உணர்ந்தவர்களே சங்கம் அமைத்தனர். தஞ்சைச் சீமையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அவர்கள் 1931-ம் ஆண்டில் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார், தொழிலாளரின் துயரைப் பாட்டாகப் பாடிக் கூட்டங்களில் விழிப்பூட்டினார். 1940-ம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அவ்வாண்டிலேயே நம் ஊவாவில், பதுளைப் பக்கத்து வெவஸ்ஸத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் தீவு முழுவதும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு, 1941-ல், சம்பள நிர்ணய சபைச் சட்டம் வந்தது. கேளாமல் கிடைத்தது எதுவுமில்லை.

இனி இரண்டாவது காகிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். முதலாவது, கையில் திணிக்கப்பட்ட காகிதம். இரண்டாவதோ, கைக்கு எட்டாமற்போன காகிதம்.

1947-ம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளில் இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர்கள் வெற்றிபெற்றுப் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டு தேசம் சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டிலேயே 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்தது. 1948-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி அமுலுக்கு வந்தது. இலங்கையில் பிறந்த ஒருவர், தம் தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்றோ, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர் என்றோ காட்டவேண்டும். கொழும்பில் மாளிகையில் வாழ்ந்தவர்களிலேயே எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்திருக்கும்? அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவன், லயத்துக் காம்பராவில் தகரப் பெட்டி ஒன்றையே உடைமையாக வைத்திருந்தவன்.

சரியாக இருபத்தைந்து நாள் கழித்து, டிசம்பர் 10-ந் தேதி, பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கை அப்போது அச்சபையில் அங்கத்துவம் பெறவில்லை. அது பெற்றது 1955-ல். அந்தப் பிரகடனத்தின் 15-ம் பிரிவு, ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தேசத்தின் பிரஜையாயிருக்கும் உரிமை உண்டென்கிறது. 25-ம் பிரிவு, தானும் தன் குடும்பமும் உடல்நலத்தோடு வாழ்வதற்குப் போதிய உணவு, உடை, உறையுள், வைத்தியம் ஆகியன ஒவ்வொருவருக்கும் உரியவை என்கிறது. வேலையற்றபோதும் நோயுற்றபோதும் முதுமையிலும் பாதுகாப்பு உரியது என்றும் சொல்கிறது. யுத்த காலத்தில், 1941-ல், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நான்கு சுதந்திரங்களைப் பேசியபோது, பேச்சுச் சுதந்திரத்தோடும் வழிபாட்டுச் சுதந்திரத்தோடும் இல்லாமையிலிருந்து விடுதலையையும் ஒருங்கே வைத்தார். இல்லாமை என்பது தனிமனிதனின் துரதிர்ஷ்டமன்று. அது ஒருவனிடமிருந்து பறிக்கப்பட்ட உரிமை என்ற கருத்து உலகுக்கு அப்போதுதான் எழுத்துருவில் வந்தது. உலகம் அதை எழுதிய மாதத்துக்கு முந்திய மாதத்திலே நம்மைப் பிரஜைகளின் பட்டியலிலிருந்து விலக்கிய சட்டம் அமுலுக்கு வந்தது.

அந்த இரண்டு பிரிவுகளும் ஏட்டில் பத்து இலக்கம் தள்ளியிருந்தாலும், நம் வாழ்வில் அவை ஒன்றே. 1949-ம் ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன; உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். அதே 1949-ல் தேர்தல் சட்டத் திருத்தத்தால் வாக்கும் போயிற்று. 1952-ம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. வாக்கில்லாதவன் ஊருக்கு ரோட்டுப் போடுவதற்கு எந்த மந்திரிக்கும் அவசரமில்லை. அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்டுவதற்கும் அவசரமில்லை. அரசாங்க உத்தியோகம் அவனுக்கில்லை. குடியேற்றக் காணிகள் பங்கிடப்பட்டபோது வரிசையில் அவன் நிற்கவும் முடியாது. தோட்டத்தை விட்டால் வேறு பிழைப்பில்லை என்ற நிலையில் உள்ளவன், தோட்டம் கொடுக்கும் கூலியைத்தான் வாங்கவேண்டும். 1921-ல் கிழித்த துண்டு வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.

1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தனர்; எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பத்தாண்டு கழித்து 1974-ல் சரிபாதியாகப் பங்கிட்டனர். தேயிலைத் தூளை நிறுத்துப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டார்கள். ஒப்பந்த மேசையில் இரண்டு பிரதமர்கள் இருந்தனர். பங்கிடப்பட்டவர்கள் எவரும் இருக்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு விண்ணப்பித்தான், தம்பி இலங்கைக்கு விண்ணப்பித்தான். தலைமன்னார்க் கப்பலில் ஏறியவர்கள் நீலகிரி மலையில் தேயிலைத் தோட்டங்களிலும், தமிழ்நாட்டின் வேறு பகுதிகளிலும் குடியேறினர். அங்கே அவர்களைச் "சிலோன்காரர்" என்றழைத்தார்கள். இங்கே இருந்தவரை அவர்கள் "இந்தியாக்காரர்". புகையிரத நிலையத்தில் அழுத அழுகையை இன்றும் சொல்லும் பாட்டிமார் நம் தோட்டங்களில் உண்டு.

அந்த நாட்களுக்கு நடுவில்தான் 1973, 1974-ம் ஆண்டுகளின் பஞ்சம் வந்தது. உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறின. அரிசிக் கூப்பனின் அளவு குறைந்தது. மாவும் சீனியும் அருமையாயின. கிராமத்தானுக்கு ஒரு துண்டு வயலாவது, மரவள்ளிக் கொல்லையாவது உண்டு. தோட்டத்தானுக்குக் காம்பராவின் வாசற்படிகூடச் சொந்தமில்லை. தேயிலைக் காணிகள் அரசாங்கத்தின் கைக்கு மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், நிர்வாகம் குழம்பி வேலை நாட்களும் குறைந்தன. தோட்டங்களில் மரண விகிதம் தேசத்தின் ஏனைய பகுதிகளைவிட மிக உயர்ந்தது. அவர்களுள் பச்சிளம் பிள்ளைகளே மிகுதி. பட்டினிச் சாவு என்ற சொல்லை அந்த ஆண்டுகளில் எவரும் பத்திரங்களில் எழுதமாட்டார்கள். நோயின் பெயரைத்தான் எழுதுவார்கள். முற்காலத்தில் வழித்தடத்தில் மாண்டவர்களைப் போல, இவர்களுக்கும் முழுக் கணக்கு இல்லை.

நாடற்ற நிலை முற்றாகத் தீர 2003-ம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது. அவ்வாண்டின் 35-ம் இலக்கச் சட்டம் எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டு! ஒருவர் பிறந்து, உழைத்து, ஓய்வூதிய வயதையும் அடைந்துவிடக்கூடிய காலம்.

"அப்படியானால் இன்று நாம் பிரஜைகள், இனியென்ன குறை?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். 1978-ம் ஆண்டின் அரசியல் யாப்பில் அடிப்படை உரிமைகள் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் கூறியவை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். போதிய உணவு, உடை, வீடு அடங்கிய வாழ்க்கைத் தரம் அந்த அத்தியாயத்தில் இல்லை. அது வேறோர் அத்தியாயத்தில், 27-ம் உறுப்புரையில், அரசு நோக்கவேண்டிய கொள்கையாக வைக்கப்பட்டிருக்கிறது. 29-ம் உறுப்புரையோ, அக்கொள்கைகளை எந்த நீதிமன்றிலும் உரிமையாகக் கோர முடியாது என்று கதவைச் சாத்துகிறது. 1980-ம் ஆண்டில் இலங்கை, பொருளாதார சமூக உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தது; உலகத்துக்குக் கொடுத்த வாக்கு அது. வீட்டிலோ அது இன்னும் வாக்காகவே இருக்கிறது. அண்டை நாடாகிய இந்தியாவில், 1985-ம் ஆண்டில், பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதே என்ற கருத்தில், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புரிமையும் அடங்கும் என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் நடைபாதையிலிருந்து குடிசைகளை அகற்ற அனுமதி கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஏட்டில் உரிமை எழுதியவுடன் பானையில் சோறு பொங்கிவிடாது. ஆனால் ஏட்டில் எழுதாத இடத்தில், பசித்தவன் எதைக் காட்டி வாதாடுவான்?

நம் சங்கத்தைப் போன்ற சங்கங்கள் திருவிழாவில் அன்னதானம் செய்கின்றன. வறிய பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வழங்குகின்றன. நல்ல காரியங்களே. வள்ளுவப் பெருந்தகை நல்குரவு என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதை அடுத்து இரவு என்றும், உடனே இரவச்சம் என்றும் வைத்தார். கேட்டு வாழ்வதற்கு அஞ்சும் அச்சத்தைத் தனி அதிகாரமாக்கிய சான்றோர் வழிவந்த நாம், கொப்பி வாங்க வரிசையில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும். கொடுப்பவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும்போது அது தலை குனிந்து நிற்கிறது. தன் தாய் பறித்த கொழுந்துக்கு உரிய கூலியில் வாங்கிய கொப்பியாயிருந்தால் அது தலை குனிய வேண்டியதில்லை. சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னபோது எங்களுக்குள் வாக்குவாதமே எழுந்தது. கடைசியில் ஒலிபெருக்கியை மட்டும் நிறுத்தினோம்.

கூலிக் கதையையும் முடித்துவிடுவோம். 1992-ம் ஆண்டில் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கைமாறியது. 1,000 ரூபா நாட்சம்பளம் வேண்டுமென்று பல ஆண்டுகள் கேட்டு, 2021-ம் ஆண்டு மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்தது. அடுத்த ஆண்டிலேயே தேசத்தின் நாணயம் சரிந்து, மாவின் விலையும் மண்ணெண்ணெய் விலையும் அதை விழுங்கிவிட்டன. 2024-ம் ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபா என்றாயிற்று. 2026-ம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,750 ரூபாவாக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. எண்கள் பெரியவை. ஆனால் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற பழைய கணக்கு மாறவில்லை. 2019-ம் ஆண்டில் அரசாங்கத் தொகைமதிப்புத் திணைக்களம் எடுத்த குடும்ப வருமானக் கணக்கின்படி, தேசம் முழுவதிலும் நூற்றுக்கு 14.3 பேர் வறியோர். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 33.8 பேர். மூவரில் ஒருவர். 1929-ல் ஒரு புசலுக்குப் பன்னிரண்டு நாள் உழைத்தவனின் பேரர்கள்தான் அந்த மூன்றில் ஒருவர்.

மூன்றாவது காகிதம், காணி உறுதி. இதைப்பற்றிப் பூனாகலையில் வாழும் எங்களுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. மழை பெய்யும் இரவுகளில் எல்லோரும் அதை நினைக்கிறோம். 2014-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி காலையில், நம் அயலாகிய கொஸ்லாந்தைப் பகுதியில் மீரியபெத்தை லயன்கள் மண்ணுள் புதைந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த இடம் அபாயமானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-ம் ஆண்டிலும் 2011-ம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போவதற்கு இடம் வரவில்லை. சொந்தக் காணி உள்ளவன் அபாயம் என்று கேட்டால், விற்றாவது அடகு வைத்தாவது வேறிடம் தேடுவான். தன்னுடையதல்லாத காம்பராவில் இருப்பவன் எதை விற்பான்? தப்பியவர்களுக்குப் பூனாகலை மகல்தெனியாவில் வீடுகள் கட்டி 2016-ல் கொடுத்தார்கள். அதே பூனாகலையில், 2023-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், கபரகலைப் பிரிவில் இரவு நேரத்தில் மண் சரிந்து லயன்களைத் தாக்கியது. குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின. மலையின் குணத்தை மாற்ற முடியாது. மலையின் எந்த இடத்தில் யார் படுத்துறங்குவது என்பதை மலை தீர்மானிக்கவில்லை.

ஏழு பேர்ச்சஸ் நிலமும் தனி வீடும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. இந்திய அரசாங்கத்தின் உதவியோடு முதலில் 4,000 வீடுகளும் பின்னர் 10,000 வீடுகளுமாகத் திட்டங்கள் போடப்பட்டன. வீடு கிடைத்தவர்களைக் கண்டு மகிழ்கிறோம். லயனில் இருப்பவர்களோ இன்னும் மிகப் பலர். தோட்டக் காணி அரசாங்கத்துக்குச் சொந்தம். கம்பெனிக்கு நீண்ட காலக் குத்தகை. காணியைக் காடாயிருந்த நாள்முதல் திருத்தியவனின் பேரனுக்கு எழுத்தில் ஒன்றுமில்லை.

சென்ற ஆண்டு எங்கள் அங்கத்தவர் ஒருவர், உயர்தரப் பரீட்சையில் தேறிய இளைஞர், ஓர் உத்தியோகத்துக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்புக் கடிதம் வந்தது. லயன்களுக்குத் தனி விலாசம் கிடையாதென்பது வாசகர் அறிந்ததே. கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கட்டாக இறங்கும், அங்கிருந்து எவராவது எடுத்து வரவேண்டும். அவர் கைக்கு அது வந்து சேர்ந்தபோது பரீட்சை முடிந்து நான்கு நாளாகியிருந்தது. யாரையும் அவர் குறை கூறவில்லை. "தலையெழுத்து" என்று அவர் பாட்டி சொன்னாராம். அந்தக் கடித உறையை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். இக்கட்டுரை எழுதும்போது எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். மேலே அவருடைய பெயர் இருக்கிறது. கீழே தோட்டத்தின் பெயரும் பண்டாரவளை என்ற ஊர்ப்பெயரும் இருக்கின்றன. வீட்டிலக்கம் எழுதவேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு கிழித்திருக்கிறது.